வீடு கட்டும் கண்டிராக்டரின் பொறுப்பு எந்நாள் வரை?

நமது காரைக்கால் பிராந்தியத்துக் குடியானவர் ஒருவர் தம் ஆயுளில் மாடு வாங்குவது பல தடவை; நிலம் வாங்குவது ஒரு தடவையோ இரு தடவையோ; வீடு கட்டுவதோ அநேகமாக ஒரே தடவை. மாடு வாங்கப் போகும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடத்தியும் பார்ப்பார். நிலம் வாங்குகையில் வில்லங்கம் பாராமல் முன்பணம் கொடார். ஆனால் சேமிப்பையெல்லாம் கொட்டி, போதாததற்குக் கடனும் வாங்கி வீடு கட்டத் தொடங்கும்போது மட்டும், கண்டிராக்டர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரும் நான்கு வரிகளின் கீழ்க் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார். சிலர் அந்த நான்கு வரியுமின்றி, வெற்றிலை பாக்கு மாற்றியதோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

கட்டிட ஒப்பந்தத்தில் கண்டிராக்டருக்குரிய கடமைகள் யாவை, அவை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகின்றன என்பதை இயன்றவரை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதை எழுதுபவன் வக்கீலும் அல்லன், இஞ்சினீயரும் அல்லன்; பத்தாம் வகுப்புத் தேறிக் கூட்டுறவு இலாகாவில் சேர்ந்து, சங்கங்களின் கணக்கையும் கடனையும் பரிசீலிக்கும் இன்ஸ்பெக்டராக வேலை பார்ப்பவன். இவ்விஷயத்தைக் கற்க நேர்ந்ததும் என் தவறு ஒன்றினால்தான். ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன், நமது பிராந்தியத்தின் உட்பகுதிக் கிராமமொன்றில், வீடு கட்டும் சங்கத்தின் அங்கத்தினரான விதவைத் தாயார் ஒருவர் 15 ஆண்டுத் தவணையில் கடன் பெற்று, இரண்டு அறையும் சமையற்கட்டும் கொண்ட தளவீடு ஒன்று கட்டினார். மனை முன்பு வயலாயிருந்து, சவுடு அடித்து மேடாக்கப்பட்டது. அஸ்திவாரம், லிண்டல் மட்டம், தளம், பூச்சு என்று நான்கு கட்டங்களில் கடன் தொகை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் சென்று பார்த்துக் கையெழுத்திட்டவன் நான். கடைசித் தவணையில் ஒரு ரூபாயும் நிறுத்தி வையாமல் முழுவதும் விடுவிக்கச் சிபாரிசு செய்தவனும் நானே. புதுமனை புகுவிழாவில் சாப்பிட்டும் வந்தேன்.

இரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் வீட்டின் ஈசானிய மூலை இறங்கிற்று. சுவரில் மூலைவாட்டாக விரல் நுழையும் வெடிப்பு விட்டது. தளத்தின் அடிப்பாகத்தில் கம்பி ஓடும் வழியெல்லாம் துருக்கறை தெரிந்து, பூச்சுப் பெயர்ந்து விழுந்தது. கண்டிராக்டரை அழைத்துக் காட்டினோம். அவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. "சாவி கொடுத்தாச்சு ஸார், பில்லும் நீங்களே பாஸ் பண்ணிட்டீங்க. மண்ணு இறங்கினா அதுக்கு நான் என்ன ஸார் பண்ணுவேன்?" என்று கேட்டார். அத்தாயாரோ என் பக்கம் திரும்பி, "வீடு விரிசல் விட்டா தவணையை நிறுத்தி வைப்பாங்களா தம்பி?" என்றார். இரண்டு கேள்விக்கும் அன்று என்னிடம் விடையில்லை. ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். இத்தனை சதுர அடி, சதுர அடிக்கு இத்தனை ரூபாய், ஆறு மாதத்தில் முடித்துக் கொடுக்கச் சம்மதம் என்பதற்குமேல் அதில் ஒரு சொல்லும் இல்லை.

அச்சமயத்தில் காரைக்கால் நகரத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு உதவினார். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் ஒருவரிடம் குமாஸ்தாவாயிருந்தவர். பரணில் கிடந்த பழைய பிரெஞ்சு சிவில் சட்டப் புத்தகத்தைத் தட்டி எடுத்து, 1792ஆம் பிரிவை விரலால் சுட்டித் தமிழில் பொருள் சொன்னார். "உங்கள் கண்டிராக்டர் இதே வேலையை என் தகப்பனார் நாளில் செய்திருந்தால், பத்து வருஷம் அவர் கை கட்டுப்பட்டிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதின் பொருள் விளங்க, நமது பிராந்தியத்தின் சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர வேண்டும். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி நிறைவேறிற்று. நெப்போலியன் ஆட்சியில் 1804இல் தொகுக்கப்பட்ட சிவில் சட்டம் 1819இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்கு அமுலாயிற்று. அதில் 1787 முதல் 1799 வரையுள்ள பிரிவுகள், பிறருக்காக வேலை எடுத்துச் செய்வோரைப் பற்றியவை. ஆகவே, தஞ்சாவூர் ஜில்லா சூழ்ந்திருக்க, நடுவிலிருந்த இச்சிறு நிலப்பகுதியில் வீடு கட்டியவனுக்குச் சுற்றுப்புறத்தார்க்கில்லாத ஒரு காப்பு இருந்து வந்தது.

அக்காப்பு யாதெனில்: மொத்த விலை பேசிக் கட்டப்பட்ட கட்டிடம், கட்டுமானக் குற்றத்தினால் முழுவதுமாகவோ பகுதியாகவோ அழியுமானால், அதைத் திட்டமிட்ட சிற்பியும் எடுத்துக் கட்டிய கண்டிராக்டரும் பத்து ஆண்டுகள் வரை பொறுப்பாளிகள். நிலத்தின் குற்றத்தினால் அழிந்தாலும் அப்படியே. இப்பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. சட்டமே அதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வைத்துவிட்டது.

"நிலத்தின் குற்றத்தினால் அழிந்தாலும்" என்பதை வாசிப்போர் நின்று கவனிக்க வேண்டும். "மண் இறங்கினால் நான் என்ன செய்வேன்" என்ற வாதத்தை அச்சட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்து அடைத்துவிட்டது. இதில் நியாயமில்லாமற் போகவில்லை. கடைக்கால் தோண்டுகிறவர் கண்டிராக்டர். எத்தனை அடியில் களிமண், எத்தனை அடியில் மணல், எங்கே ஊற்று என்பதை மண்வெட்டியின் நுனியில் அறிகிறவர் அவரே. அரசலாறும் அதன் கிளைகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டல்மேல் அமைந்த நமது ஊர்களில், பத்தடி தள்ளினால் மண் வேறாகிறது. இதை வீட்டுக்காரர் அறியார்; அறிந்தவர் வாய் திறவாமல் கட்டிக் கொடுத்துப் பணம் வாங்கினால், பின்பு மண்மேல் பழி போடலாகாது என்பது அச்சட்டத்தின் கருத்து.

அதே நாட்களில் எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் வழங்கியது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அது நல்ல சட்டமே. ஆனால் வீடு கட்டுவதற்கென்று தனி அத்தியாயம் எதுவும் அதில் இல்லை. கொடுத்த வாக்கை இரு திறத்தாரும் நிறைவேற்ற வேண்டும். மீறியவர் மீறுதலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்னும் பொதுவிதியே அதன் சாரம். என்ன வாக்கு கொடுக்கப்பட்டது என்பதை எழுதிக்கொள்வது கட்சிகளின் பொறுப்பு. 1960களில் இந்தியச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு விஸ்தரிக்கப்பட்டபோது, இந்த ஒப்பந்தச் சட்டமும் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது. பத்து ஆண்டுப் பொறுப்பும் அத்துடன் நீங்கிற்று. நீங்கியதை ஜனங்கள் அறியவில்லை. இருந்ததையே அறிந்தவர் எத்தனை பேர் என்பதும் வேறு கேள்வி.

ஆகவே, முன்பு சட்டம் தானாகக் கொடுத்ததை இன்று நாம் எழுதித்தான் பெற வேண்டும். ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிடினும், தகுந்த திறமையுடனும் தகுந்த பொருளைக் கொண்டும் வேலை செய்ய வேண்டுமென்பது கண்டிராக்டரின் கடமையென்று நியாயஸ்தலங்கள் கொள்ளும் என்பது மெய்யே. எனினும் அதை நிரூபிக்க இஞ்சினீயர் அறிக்கை வேண்டும், சாட்சி வேண்டும், வருஷக்கணக்கில் காலம் வேண்டும். ஒப்பந்த மீறுதலுக்கு வழக்கிடும் கெடு, மீறிய நாளிலிருந்து மூன்றாண்டு. மறைந்திருந்த குற்றம் நான்காம் ஆண்டில் வெளிப்பட்டால், "சாவி கொடுத்த அன்றே மீறுதல் நடந்துவிட்டது, கெடுவும் கடந்துவிட்டது" என்று எதிர்க்கட்சியார் வாதிடுவர்.

பொருள் யாருடையது?

நமது கிராமங்களில் வீடு கட்டுவது இரு விதம். கண்டிராக்டரே சிமெண்டு, கம்பி, மணல், ஜல்லி, செங்கல் யாவும் வாங்கிப்போட்டுச் சதுர அடிக்கு இவ்வளவென்று கட்டுவது ஒன்று. வீட்டுக்காரர் பொருள் வாங்கிக் கொடுக்க, மேஸ்திரி கூலிக்கு மட்டும் ஒப்புக்கொண்டு கொத்தனாரையும் சித்தாளையும் வைத்துக் கட்டுவது மற்றொன்று. இவ்விரண்டிலும் பொறுப்பு ஒன்றன்று.

பழைய சிவில் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்திருந்தது. பொருளும் வேலையும் கண்டிராக்டருடையதானால், ஒப்படைப்பதற்குமுன் எவ்விதமாக அழிந்தாலும் நஷ்டம் அவருடையது. வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ளத் தாமதித்திருந்தால் மட்டுமே விலக்கு. பொருள் வீட்டுக்காரருடையதானால், வேலை செய்பவர் தம் குற்றத்துக்கு மட்டுமே பொறுப்பாளி. ஆனால் ஒப்படைக்குமுன் வேலை அழிந்துவிட்டால், அவர்மேல் குற்றமில்லாவிடினும், கூலி கேட்க அவருக்கு வழியில்லை. கொடுத்த பொருளே சொத்தையாயிருந்ததனால் அழிந்ததென்றால் கூலி உண்டு. இந்தப் பகுப்பு இன்றும் ஒப்பந்தம் எழுதுவோர்க்கு நல்ல வழிகாட்டியாகும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலைப் போன்ற காற்று, பாதி எழும்பிய சுவரைச் சாய்த்துவிட்டால் யார் தலையில் நஷ்டம் என்பதை முன்கூட்டி எழுதாதவர்கள், சுவர் விழுந்த இடத்தில் நின்று சண்டையிட நேரும்.

கூலிக்கு மட்டும் ஒப்புக்கொண்ட மேஸ்திரி, "பொருள் உங்களுடையது, எனக்கென்ன" என்று ஒதுங்க இடமில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கடலோரத்து உப்பு மணலையோ கட்டிபட்ட சிமெண்டையோ வீட்டுக்காரர் இறக்கினால், இது ஆகாதென்று சொல்வது தொழில் அறிந்தவரின் கடமை. சொல்லியும் வீட்டுக்காரர் கேளாவிடில், அதை ஒரு வரி எழுதி அவர் கையொப்பம் வாங்கி வைப்பது மேஸ்திரிக்குப் பாதுகாப்பு.

மூடுமுன் காட்டுதல்

கண்டிராக்டரின் கடமைகளுள் மிக முக்கியமானதும், எந்த நான்கு வரித் தாளிலும் காணப்படாததும் ஒன்றுண்டு. மண்ணாலோ கலவையாலோ மூடப்படும் வேலையை, மூடுவதற்குமுன் வீட்டுக்காரருக்கோ அவருடைய இஞ்சினீயருக்கோ அறிவித்துக் காட்டவேண்டும் என்பதே அது. மேலே சொன்ன வீட்டில் நான் பார்த்தது கடைக்காலை மூடிய பிறகு. தளத்தைப் பார்த்தது கான்கிரீட் போட்டு நீர் கட்டிய பிறகு. ஆழம் எவ்வளவு, கம்பி எத்தனை என்று அப்போது எவர் சொல்ல முடியும்? பார்த்ததாகக் கையெழுத்திட்டேன், பார்த்தது பூச்சு மட்டுமே.

கடலோரப் பிரதேசமாகிய நமக்கு இது இருமடங்கு அவசியம். உப்புக்காற்றும் உப்புநீரும் கான்கிரீட்டினுள் புகுந்து கம்பியை அரிக்கின்றன. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. இதனைத் தடுப்பது, கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே விடப்படும் கான்கிரீட் கனமும் அதன் நெருக்கமுமே. இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் 456ஆம் எண் விதித்தொகுப்பு, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது. நமது கடற்கரைக் கிராமங்களில் கிணறு அல்லது குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலவை போடுவது, வீட்டுக்குள் துருவை நாமே விதைப்பதாகும். சாதாரணச் சிமெண்டானால் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டானால் குறைந்தது 10 நாட்களும் கான்கிரீட்டை ஈரமாக வைக்க வேண்டும். சாதாரணச் சிமெண்டில் போட்ட தளத்தின் முட்டுகளை, நாலரை மீட்டருக்கு உட்பட்ட அகலத்துக்கு 7 நாட்களும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்களும் கழியுமுன் எடுக்கலாகாது. முட்டுப் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறதென்று முந்தி எடுப்பவர்களை நான் கண்டதுண்டு.

இவையெல்லாம் இஞ்சினீயர்களின் விஷயம் என்று சங்க அங்கத்தினர் ஒதுக்கலாகாது. "வேலை முழுவதும் மேற்படி விதித்தொகுப்பின்படி செய்யப்படும்" என்ற ஒரே வரி ஒப்பந்தத்தில் இருக்குமானால், அத்தனையும் கண்டிராக்டர் கொடுத்த வாக்காகிவிடுகிறது. அவ்வரி இல்லாவிடில், எது நல்ல வேலை என்பதிலிருந்தே தகராறு தொடங்கும்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே நேரும் விபத்தையும் மறக்கலாகாது. சென்னைக்கடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிமுடியாத 11 மாடிக் கட்டிடம் 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி சரிந்து 61 பேர் மாண்டனர்; மாண்டவருள் மிகுதியானோர் அங்கே வேலை செய்து வந்த கூலிக்காரர். நமது இரண்டறை வீட்டுக்கும் சாரம் உண்டு, முட்டு உண்டு, அவற்றின்கீழ் நிற்கும் சித்தாளும் உண்டு. தாம் அமர்த்திய ஆட்களின் செய்கைக்கும் அவர்களுடைய பந்தோபஸ்துக்கும் கண்டிராக்டரே பொறுப்பாளி என்பது எந்தச் சட்டத்திலும் ஒன்றுதான்.

காலமும் கூடுதல் வேலையும்

குறித்த காலத்தில் முடிக்க வேண்டியதும் கண்டிராக்டரின் கடமை. காலம் குறிக்காவிடில் நியாயமான காலத்துக்குள் என்று ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. எது நியாயம் என்பது அவரவர் மனம்போலாகும். தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவென்று அபராதம் எழுதுவதுண்டு. ஆனால் எழுதிய தொகை முழுவதும் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை ஓர் உச்ச வரம்பேயாகும். அதற்குட்பட்டு நியாயமான நஷ்டஈடு மட்டுமே நியாயஸ்தலம் அளிக்கும். லட்சக்கணக்கில் எழுதிப் பயமுறுத்துவதால் பயனில்லை. குடியிருக்கும் வாடகை வீட்டின் மாத வாடகையை அளவாகக் கொண்டு எழுதினால் நிற்கும்.

தகராறில் பெரும்பாலானவை கூடுதல் வேலையால் வருபவை. இதில் குற்றம் வீட்டுக்காரர் பக்கமும் உண்டென்பதைக் கண்டிராக்டர்களுக்காக நான் சொல்லியாக வேண்டும். கட்டிக்கொண்டிருக்கையில் மைத்துனர் வந்து ஒரு திண்ணை போடச் சொல்வார். சம்பந்தி வந்து பூஜை அறையை விரிக்கச் சொல்வார். கணக்குப் பார்க்கும் நாளில், "பேசிய விலைக்குள் அடக்கம்தானே" என்று வீட்டுக்காரர் சாதிப்பார். வரைபடத்தோடு மொத்த விலை பேசிவிட்டால், எழுத்து மூலமான அனுமதியும் விலைச் சம்மதமும் இன்றிக் கண்டிராக்டர் ஒரு காசும் கூடுதல் கேட்க முடியாதென்பது பழைய சிவில் சட்டத்தின் 1793ஆம் பிரிவு. கூலி ஏறிற்று, இரும்பு விலை ஏறிற்று என்றாலும் அப்படியே. இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்வளவு கண்டிப்பன்று. அதன் 70ஆம் பிரிவின்படி, இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் மற்றொருவருக்குச் சட்டப்படி ஒரு வேலை செய்து கொடுத்து, மற்றவர் அதன் பயனை அடைந்தால், ஈடு கொடுக்கவேண்டும். வங்காளத்தில் ஆரம்பாக் என்னும் ஊரில் சிவில் சப்ளை இலாகா உத்தியோகஸ்தர் கேட்டபடி, முறையான ஒப்பந்தப் பத்திரமின்றியே ஒரு கண்டிராக்டர் பாதையும் அறைகளும் அமைத்துக் கொடுத்தார். சர்க்கார் பணம் தர மறுத்தபோது, 70ஆம் பிரிவின்படி கொடுத்தே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1961ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. சர்க்காருக்கே அக்கதியென்றால், வாய்வார்த்தையாகத் திண்ணை போடச் சொன்னவர் தப்புவது எங்ஙனம்?

கொத்தனார், தச்சர் முதலியோரின் கூலி விஷயத்தில் பழைய சட்டம் மற்றொரு வழியும் வைத்திருந்தது. கண்டிராக்டர் கூலி கொடாமற் போனால், வீட்டுக்காரர் அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி உள்ளவரையில், தொழிலாளர் நேரே வீட்டுக்காரரைக் கேட்கலாம். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் பெரிய வேலைகளில், கண்டிராக்டர் கூலி கொடாவிடில் வேலை கொடுத்த முதலாளியே கொடுத்து, பின்பு கண்டிராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. இக்கருத்து பின்வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. ஆகையால் களஞ்சியம் முதலிய பெரிய வேலை எடுக்கும் சங்கங்கள், பில் பட்டுவாடா செய்யுமுன் கூலிப் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது தற்காப்பு.

பாக்கி நிறுத்தலும் பத்தாண்டு வாக்கும்

இனி, சாவி கொடுத்தபின் உள்ள பொறுப்புக்கு வருவோம். சர்க்கார் கட்டிட வேலைகளில் கண்டிராக்டரின் பில்லிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, வேலை முடிந்து பெரும்பாலும் ஓராண்டு சென்றபின், குறைகளைச் சரிசெய்து கொடுத்திருந்தால் மட்டுமே திருப்பித் தருவது வழக்கம். அந்த ஓராண்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் அடங்கிவிடும் என்பதே அதன் நயம். தனி வீடு கட்டுவோரும் நூற்றுக்கு ஐந்து ரூபாயேனும் நிறுத்திவைப்பதாக எழுதிக்கொள்ளலாம். கண்டிராக்டர் மறுத்தால், அவ்வளவு தொகையை இரு பெயரிலும் கூட்டுறவு வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியை அவருக்கே கொடுப்பதாகச் சொன்னால் அநேகமாக இணங்குவர்.

ஆனால் ஓராண்டு போதுமா? பிரான்சு தேசத்தில் 1978ஆம் ஆண்டு திருத்திய சட்டப்படி, பொறுப்பு மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒப்படைத்தபின் ஓராண்டுவரை தெரியவரும் குறை எதுவாயினும் கண்டிராக்டர் சரிசெய்ய வேண்டும். கட்டிடத்தோடு ஒன்றாகப் பிணையாத சாதனங்களுக்கு இரண்டாண்டு. கட்டிடத்தின் உறுதியைக் கெடுக்கும் குற்றத்துக்கும், குடியிருக்கத் தகாததாக்கும் குற்றத்துக்கும் முன்போலப் பத்தாண்டு. இதற்காகக் கண்டிராக்டர் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும். நமது நாட்டில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீடு கட்டி விற்கும் கம்பெனிகள்மேல் ஐந்தாண்டுப் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. குறையை அறிவித்த 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும். எனினும் தம் மனையில் தமக்கென்று வீடு கட்டிக்கொள்ளும் கிராமத்தாருக்கு அச்சட்டம் எட்டாது. அவர்களுக்கு நுகர்வோர் சட்டமே அருகிலுள்ள வாசல். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புண்டு, கெடு இரண்டாண்டு.

நாமே எழுதிக்கொள்ளும் பத்தாண்டு வாக்கைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை. எழுதும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். "வேலையில் குற்றமில்லை என்று உறுதி கூறுகிறேன்" என்று எழுதினால், அது ஒப்படைத்த அன்றே மீறப்பட்டதாகக் கணக்கிட இடமுண்டு. "ஒப்படைத்த தேதியிலிருந்து பத்தாண்டுக்குள் அஸ்திவாரம், சுவர், தளம் ஆகியவற்றில், நிலத்தின் தன்மையால் உண்டாவது உட்பட, தோன்றும் குற்றத்தை, எழுத்தால் அறிவித்த 30 நாட்களுக்குள் என் செலவில் சரிசெய்வேன்" என்று எழுதினால், அறிவித்தும் சரிசெய்யாத நாளில்தான் மீறுதல் உண்டாகிறது. பத்தாண்டுக்குக் கண்டிராக்டர் இசையாவிடில் ஐந்தாண்டு கேட்கலாம். ஆனால் "நிலத்தின் தன்மையால் உண்டாவது உட்பட" என்ற சொற்களை விட்டுக்கொடுக்கலாகாது.

மற்றொன்று: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரே ஒப்பந்தத்தைக் கொண்டு வழக்காட முடியும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப்பின் நமது கடற்கரையில் கட்டப்பட்ட வீடுகளைப் போல, சர்க்காரோ தரும ஸ்தாபனமோ கண்டிராக்டரை வைத்துக் கட்டி ஒருவருக்கு அளிக்கும்போது, அவ்வீட்டில் குடியேறுபவர் அந்த ஒப்பந்தத்தின் கட்சியல்லர். கூரை ஒழுகினால் அவர் யாரைக் கேட்பது? சங்கங்கள் அங்கத்தினருக்காக மொத்தமாக வீடு கட்டிக்கொடுக்க முன்வரும்போது, குறை தீர்க்கும் வாக்கை ஒவ்வொரு அங்கத்தினர் பேருக்கும் தனித்தாளில் வாங்கிக் கொடுப்பது அவசியம்.

மேற்படி தாயார் வீட்டு விஷயம் வழக்குக்குப் போகவில்லை. அவருக்கு அதற்கான பொருளும் இல்லை, காலமும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி, சிமெண்டும் கம்பியும் அத்தாயார் வாங்குவது, கூலி கண்டிராக்டருடையது என்று முடிந்தது. இறங்கிய மூலைக்குக் கீழே தோண்டி அண்டை கட்டினார்கள். தோண்டியபோது கடைக்காலின் அடி சவுட்டிலேயே நின்றுவிட்டது, பழைய வயல் மண்ணைத் தாண்டவேயில்லை என்று கண்டோம். மாதத் தவணை ஒரு மாதமும் நிற்கவில்லை.

அச்சங்கத்தில் இப்போது கடன் மனுவுடன் ஒப்பந்தப் படிவமும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. மேலே சொன்ன ஷரத்துக்கள் அதில் உண்டு, பத்தாண்டு என்பது பேச்சுவார்த்தையில் ஐந்தாண்டாகக் குறைந்துவிட்டது. அப்படிவத்தில் கையொப்பமிட்ட முதல் கண்டிராக்டர், சென்ற மாதம் கடைக்கால் தோண்டியதும் மூடாமல் நிறுத்தி, சங்கத்துக்குச் சீட்டு எழுதியனுப்பினார். நான் சென்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அளவுகோலைக் குழியில் இறக்கி ஆழம் பார்த்து, அடிமண்ணை ஒரு பிடி எடுத்து மேலே கொண்டுவந்து, சங்க இஞ்சினீயரிடம் கொடுத்த பிறகே கையெழுத்திட்டேன்.